வேலைக்கும் போகணும், படமும் வரையணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு நான் சென்னைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. பகலில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைனர் வேலை. ஞாயிறு காலையில் அம்பத்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மீதி இருக்கும் நேரத்தில் என் படங்கள். கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவர்கள், வகுப்புக்குப் பிள்ளையை விட வரும் பெற்றோர், ஊரிலிருந்து போன் செய்யும் சித்தி மகள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

அக்கா, வேலைக்குப் போனா கை போயிடும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா?

மூன்று மாதம் வரையாமல் இருந்தால் யாருக்கும் கை போகும், ஆபீஸில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும். என்னோடு படித்த இரண்டு பேர் முழுநேரமும் வரையப்போகிறோம் என்று ஊரிலேயே தங்கினார்கள். வாடகைக் கவலையிலும் வீட்டுப் பேச்சிலும் ஒரே வருடத்தில் பிரஷ்ஷைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். சம்பளம் வருகிற இடத்தில் அந்தப் பதற்றமாவது குறையும்.

நம் ஊர் ஓவியர்களைப் பாருங்கள். கே.சி.எஸ். பணிக்கர் அப்பா இறந்தபின் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் அவர் சேர்ந்தபோது வயது 25. பிற்பாடு அதே பள்ளிக்கு முதல்வரானார். கோட்டோவியத்தில் இன்றைக்கும் நாம் அண்ணாந்து பார்க்கிற ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். வேலைக்குப் போவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். எந்த வேலை என்பதில்தான் கவனம் வேண்டும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பையன் ஓவியக் கல்லூரியில சேரணும்னு அடம் பிடிக்கிறான். நாலு வருஷம் வீணாயிடுமோன்னு பயமா இருக்குங்க.

உங்கள் பயம் நியாயமானது. என் அப்பாவுக்கும் அதே பயம்தான் இருந்தது. முதலில் ஒரு தகவல்: பிளஸ் டூ முடித்தபின் சேரும் நான்கு வருடப் பட்டப் படிப்பு இது. சென்னை எழும்பூர் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தனியார் படிப்புகளோடு ஒப்பிடும்படி இருக்காது. செலவு வருவது கலர், தாள், கேன்வாஸ், விடுதி ஆகியவற்றில்தான்.

ஓவியம் மட்டும்தான் பாடம் என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, பீங்கான், அச்சுக்கலை, சிற்பம் எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். காட்சித் தொடர்பும் துணியும் படித்தவர்களுக்கு வேலை சீக்கிரம் அமைவதைப் பார்த்திருக்கிறேன். ஓவியம் படித்தவர்களுக்குக் கொஞ்சம் இழுக்கும். பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கினார்கள். சம்பளம் பிற்பாடு கூடியது, ஆனால் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

பையன் தினமும் வரைகிறானா, அல்லது பரீட்சைக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறானா என்று மட்டும் பாருங்கள். யாரும் சொல்லாமல் தினம் வரைகிற பிள்ளை என்றால் சேர்த்துவிடுங்கள்.

மாசம் எவ்வளவு இருந்தா வரையலாம்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எனக்குக் கேட்டால், எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுகிற நாம் வரைவதற்கு எழுதுவதில்லை. ஆறு வருடமாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவருகிறேன். இப்போது என் மாதக் கணக்கு இது: தாளும் கலரும் 1,200, பிரஷ், டேப், பென்சில் மாதிரிச் சில்லறைகள் 300, கண்காட்சி பார்க்கப் போய்வர 250, பிரேமுக்கென்று எடுத்துவைப்பது 500. மொத்தம் 2,250 ரூபாய்.

இந்த எண் தெரிந்தபின் எனக்கு நிறைய விஷயம் லேசாகிவிட்டது. 'கலைக்குக் காசில்லை' என்று பொதுவாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். கணக்கெழுதிப் பார்த்தால், மாதம் இரண்டு ஞாயிறு வகுப்புக் கட்டணத்தில் அடங்கிவிடுகிற தொகை. அந்தப் பணத்தைத் தனி டப்பாவில் போடுகிறேன், வீட்டுச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை. உங்கள் எண் 600 ஆக இருக்கலாம், 6,000 ஆகவும் இருக்கலாம். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும். இனி வரும் பதில்களில் 'மாத எண்' என்று நான் சொல்வது இதைத்தான்.

விலை கம்மியான கலர்லயே வரையலாமா? நல்ல கலர் எல்லாம் யானை விலை விக்குது.

பயிற்சிக்கு மாணவர் தரம் போதும். அதில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். அதனால் இரண்டு மூன்று பூச்சு கூடுதலாகத் தேவைப்படும். சில பிங்க், வயலெட் எல்லாம் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். விற்கப்போகிற படத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். வாங்கியவர் வீட்டுச் சுவரில் நாலு வருடத்தில் அது சாம்பலாகி நிற்கும்.

நான் செய்வது இது: இருபத்து நான்கு கலர் பெட்டியை விட்டுவிட்டு, நல்ல தரத்தில் ஐந்து டியூப் மட்டும் வாங்குகிறேன். ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, வெள்ளை. கலந்து பழகினால் மற்றதெல்லாம் இதிலேயே வரும். வாட்டர் கலர் என்றால் தாளில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள முழுத்தாள் 22க்கு 30 அங்குலம் இருக்கும். நாலாக வெட்டினால் 11க்கு 15, எட்டாக வெட்டினால் ஏழரைக்கு 11. ஒரு தாளில் எட்டுப் படம் என்று பார்த்தால் விலை அவ்வளவு பயமுறுத்தாது.

கேன்வாஸுக்குக் கல்லூரியில் எல்லோரும் செய்கிற மாதிரி காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்துக்கொள்ளலாம். ஆயில் பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் துணியில் எண்ணெய் நேராகப் படாதபடி பிரைமரை இரண்டு பூச்சு கொடுங்கள். எண்ணெய் பட்ட துணி நாளடைவில் மக்கிவிடும்.

ஒரே ரூம் வாடகை வீடு. ஆயில் பெயிண்ட் வாசனைக்கு வீட்ல எல்லாரும் திட்டுறாங்க. எங்கதான் போய் வரையறது?

இந்த விஷயத்தில் வீட்டார் பக்கம்தான் நான். ஆயில் பெயிண்ட்டைக் கரைக்கும் டர்பன்டைன் ஆவி மூடிய அறையில் நல்லதில்லை, அதிலும் குழந்தை தூங்குகிற அறையில் கூடவே கூடாது. ஒரே அறை என்றால் ஆயிலை விட்டுவிட்டு அக்ரிலிக், வாட்டர் கலர், இங்க் என்று மாறிக்கொள்ளுங்கள். ஆயில்தான் வேண்டும் என்றால் மொட்டை மாடியில் வைத்து வரையுங்கள். இன்னொன்று முக்கியம்: ஆயில் பெயிண்ட்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. ஓவியம், அச்சு, பீங்கான், சிற்பம் எல்லாவற்றுக்கும் அங்கே பட்டறை உண்டு. கட்டணம் கட்டி இடம் பெற்று வேலை செய்யலாம். அச்சு எந்திரமும் சூளையும் யாரும் வீட்டில் வைக்கக்கூடியவை இல்லை. அவற்றை நாடுபவர்கள் அவசியம் போய் விசாரியுங்கள்.

இடம் சின்னது என்பதால் படமும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டு மாடிப்படியில் நாலடிச் சட்டம் திரும்பாது. தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவில் வரிசையாக நிற்கும் குடங்களைப் பெரிதாக வரைய ரொம்ப ஆசை எனக்கு. 11க்கு 15 அங்குலத் தாள் பதினாறு எடுத்து, ஒவ்வொன்றிலும் வரிசையின் ஒரு பகுதியை வரைந்தேன். நாலுக்கு நாலாக அடுக்கினால் 44க்கு 60 அங்குலம். முழுப் படத்தை நானே முதன்முதலில் பார்த்தது, தோழி வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்தித் தரையில் பரப்பியபோதுதான். தாளுக்குத் தாள் நீலம் கொஞ்சம் மாறியிருந்தது. பிளாஸ்டிக் குடங்களும் வெயிலில் அப்படித்தானே வெளுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேரமே கிடைக்கல. நீங்க எப்படி எடுத்துக்கறீங்க?

காலை ஐந்து முதல் ஆறரை. அதற்குமேல் பால், தண்ணீர், சமையல், ரயில். ராத்திரி வரைந்து பார்த்தேன், பத்து மணிக்குக் கண் சொருகிவிடுகிறது. எல்லோரும் விடியற்காலையில்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி மதியம் இரண்டு முதல் நான்கு வரை வரைகிறான். ஒரே நேரமாக இருப்பதுதான் உதவுகிறது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் நாம் எடுக்க மாட்டோம் என்பது மற்றவர்களுக்கும் பழகிவிடும்.

ஒன்றரை மணி நேரத்தில் அரை மணியை மேசை ஒழிப்பதிலேயே இழந்துகொண்டிருந்தேன். இப்போது முதல் நாள் ராத்திரியே தாளை ஒட்டி, தண்ணீர் ஊற்றி, மறுநாள் எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துவிடுகிறேன். அப்புறம், களைப்பான நேரத்துக்கென்று சில வேலைகள் இருக்கின்றன. தாள் வெட்டுவது, பிரைமர் அடிப்பது, பிரஷ் கழுவுவது, பழைய படங்களுக்குத் தேதி எழுதுவது. இவற்றுக்கு நல்ல நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

விடிவதற்குமுன் வரைபவர்கள் கவனிக்க: வெள்ளை எல்இடி டியூப் வெளிச்சத்தில் நிறம் நீலம் தட்டித் தெரியும். அந்த வெளிச்சத்தில் சரியாகப் பட்ட தோல் நிறம் பகலில் பார்த்தால் செக்கச்செவேல் என்று இருக்கும். கடைசி நிறத்தை ஞாயிறு பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போகிற நேரத்தையும் மறக்காதீர்கள். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போவதற்குள் நாலு பேர் கையை வரைந்துவிடலாம். முகத்தை வரைந்தால் சங்கடப்படுவார்கள். கையை யாரும் கவனிப்பதில்லை.

படம் சம்பந்தப்பட்ட வேலைக்குப் போறது நல்லதா, சம்பந்தமே இல்லாத வேலையா?

முதல் கேள்வியில் தள்ளிவைத்தது இதைத்தான். டிசைன் வேலையில் தொழில் கற்றுக்கொள்ளலாம். மையும் தாளும் எழுத்தும் கைவசமாகும். ஆனால் பகல் முழுக்க வாடிக்கையாளருக்காகத் தாமரையும் மயிலும் போட்டுவிட்டு வந்தால் கண் சலித்துவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் இனிப்புப் பெட்டி வேலை குவியும். அந்த மாதங்களில் நான் நிறத்தையே தொடுவதில்லை, கறுப்பு இங்கில் மட்டும் வரைகிறேன்.

கடை, வங்கி, தாலுகா ஆபீஸ் மாதிரி வேலையில் கண் சலிக்காது. ஆனால் வரைகிறவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள், அது ஒரு தனிமை. என்னைக் கேட்டால் வேலையின் பெயரைவிட அது எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைப் பாருங்கள். கூடுதலாக 5,000 ரூபாய் தருகிறார்கள் என்று, ராத்திரி ஒன்பது மணி வரை பிடித்துவைக்கும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மாறினேன். எட்டு மாதத்தில் நான் முடித்தது இரண்டே படம். நோட்டில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்துதான் வெளியே வந்தேன்.

இப்ப ஏஐ-யே படம் போட்டுத் தருதே, டிசைன் வேலை நிலைக்குமா?

முதல் மாதிரிப் படங்களை இப்போது எங்கள் இடத்திலும் எந்திரம்தான் போடுகிறது. அது உண்மை, ஆட்களும் குறைந்திருக்கிறார்கள். எங்களிடம் மிச்சம் இருப்பது அச்சுக்குக் கொண்டுபோகும் வேலை: பெட்டி மடியும் கோடு, நாலு கலர் பிரிப்பது, அட்டையில் மை எப்படி இறங்கும் என்ற அனுபவம், தமிழ் எழுத்தைப் பிழையில்லாமல், அழகாக அமைப்பது. இளையவர்களிடம் நான் சொல்வது, திரை முன்னால் மட்டும் உட்காராமல் அச்சு எந்திரம் ஓடுகிற இடத்துக்குப் போய் நில்லுங்கள் என்பதுதான்.

போட்டோ பார்த்து போர்ட்ரெய்ட் வரைஞ்சு கொடுத்தா நம்மள ஆர்ட்டிஸ்ட்டா மதிக்க மாட்டாங்களாமே?

இந்தப் பேச்சு எனக்குக் கோபம் வருகிற ஒன்று. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்களே பாத்திக் துணி (மெழுகு வைத்துச் சாயமேற்றுவது), தோல் வேலை, பீங்கான் என்று கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலமும் வந்தது, சொந்த ஓவியத்துக்கு நேரமும் வந்தது. தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பலவும் அங்கிருந்து வந்தவைதான். பாத்திக் செய்ததால் யாரும் அவர்களைக் குறைத்து மதிக்கவில்லை.

நானும் வரைகிறேன், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. இறந்துபோன பாட்டியின் மங்கலான பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முடித்துக் கொடுக்கும்போது அந்த வீட்டில் ஒருவராவது அழுவார். அதை மட்டமான வேலை என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். காலை ஒன்றரை மணி நேரத்தில் ஆர்டர் வேலை கிடையாது. அது சனிக்கிழமை மதியத்துக்கு.

விலை எப்படிக்கா சொல்றது? வாயே வரமாட்டேங்குது.

எழுதிக் காட்டுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். நான் கணக்கிடும் விதம்: பொருள் செலவு, அதோடு எத்தனை மணி நேரம் ஆகுமோ அத்தனைக்கும் மணிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி என் ஆபீஸ் சம்பளத்தின் மணிக்கணக்கைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். பிரேமும் கூரியரும் தனி. பாதிப் பணம் முன்கூட்டி வந்தபின்தான் பென்சில் எடுப்பேன். திருத்தம் ஒருமுறை இலவசம், அதற்குமேல் காசு. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து போனில் வைத்திருக்கிறேன். கேட்டவுடன் அனுப்பிவிடுவேன்.

சொந்தக்காரங்க சும்மா வரைஞ்சு கொடுன்னு கேக்கறாங்களே?

வருடத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, பிடித்தவர்களுக்கு மனதார வரைந்து கொடுங்கள். மூன்றாவது ஆளிடம் 'இந்த வருஷம் ரெண்டு ஆயிடுச்சு அத்தை, தை பிறக்கட்டும்' என்று சொல்லலாம். பாதிப் பேர் தையில் மறந்துவிடுவார்கள்.

ஆர்டருக்கு வரைஞ்ச படத்தை நானே பிரிண்ட் போட்டு விக்கலாமா? நான்தானே வரைஞ்சேன்?

இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காப்புரிமையின் முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். வேலையின் பகுதியாக ஆபீஸில் செய்த டிசைனும் அப்படியே, முதலாளிக்குச் சொந்தம். நீங்களாக வரைந்து பிறகு விற்ற படத்தில் கதை வேறு. படம் வாங்கியவருக்குப் போகும், காப்புரிமை எழுதிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கும். வாழ்நாள் முழுக்க, அதற்குப் பிறகு 60 ஆண்டு.

ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே, முந்தைய பதிலில் சொன்ன அந்த ஒரு பக்கத்தில் 'காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், அச்சிட்டு வெளியிடும் உரிமையும் ஓவியருக்கே' என்று ஒரு வரி சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் காப்புரிமையை எழுதி வாங்க வந்தால் கால அளவைப் பாருங்கள். கால அளவு குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

காப்புரிமை கைமாறினாலும் உங்களை விட்டுப் போகாத ஒன்று உண்டு. படைத்தவர் நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆம் பிரிவு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பெரிய சுவர்ச் சிற்பத்தைக் கழற்றிச் சேதப்படுத்திய அரசை எதிர்த்து அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு, 2005இல் வென்றார். சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஸ்காலர்ஷிப் ஏதாவது கிடைக்குமா?

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு. மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். 25 முதல் 40 வயது வரை ஜூனியர் ஃபெலோஷிப் இருக்கிறது, மாதம் 10,000, அதுவும் இரண்டு வருடம். இரண்டிலும் ஓவியத்துக்கு இடம் உண்டு. லலித் கலா அகாதெமியும் இளம் கலைஞர்களுக்குத் தனியாக உதவித்தொகை தருகிறது. தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு கண்காட்சிகளும் விருதுகளும் நடத்துகிறது. விதிகள் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவிப்பைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாதம் 5,000 என்று சொன்னாலும் அது மாதாமாதம் கைக்கு வராது, ஆறு மாதத் தவணையாக வரும். அதை நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மாத எண் 2,000 என்றால் அந்தத் தொகை அதைத் தாராளமாகத் தாங்கும்.

குரூப் ஷோவுக்கு எட்டாயிரம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

நான் ஒருமுறை கட்டினேன். ஏற்பாடு செய்தவர்கள் ஒரு கல்யாண ஹால் மாதிரியான இடத்தில் தொண்ணூறு பேர் படத்தை நெருக்கி மாட்டினார்கள். எல்லோருக்கும் சான்றிதழும் கேடயமும் கொடுத்தார்கள். மூன்று நாளும் பார்க்க வந்தவர்கள், படம் வைத்தவர்களின் வீட்டார் மட்டும்தான். பிரேமுக்கு ஆனதையும் சேர்த்தால் என் ஐந்து மாதச் செலவு அதில் போயிற்று.

இப்போது பணம் கேட்டால் நான் மூன்று கேள்வி கேட்கிறேன்: படங்களைத் தேர்ந்தெடுப்பது யார், போன வருடம் எந்த இடத்தில் நடந்தது, ஒரு ஆளுக்கு எத்தனை அடி சுவர். கேட்ட எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால் போக வேண்டாம். அதற்குப் பதில் நாலைந்து பேர் சேர்ந்து வாடகை பகிர்ந்து ஒரு சின்னக் காட்சிக்கூடத்தை ஒரு வாரம் எடுங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியின் மாணவர் பிரிவுக்கு முயற்சி செய்யலாம். தேர்வானால் நல்லது, ஆகாவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

கல்யாணம் ஆயிட்டா வரைய விடுவாங்களா அக்கா?

இதைக் கேட்டது எப்போதும் பெண்கள்தான். எந்தத் தம்பியும் இதுவரை கேட்டதில்லை.

'விடுவாங்களா' என்று காத்திருந்தால் நடக்காது, இது என் அனுபவம். பெண் பார்க்க வந்த அன்றே, காலை ஐந்து முதல் ஆறரை வரை வரைவேன், கல்யாணத்துக்குப் பிறகும் வரைவேன் என்று சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. மாப்பிள்ளையாக வந்தவர் 'சரி' என்றார். சொன்னபடி நடந்துகொண்டார் என்றாலும், வீட்டில் மூன்றாவது ஆளாகக் குழந்தை வந்தபோது அந்த ஒன்றரை மணி நேரம் பதினான்கு மாதம் காணாமல் போனது. அப்போது வாய்விட்டுக் கேட்டு உதவி வாங்கியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. இன்று அவர் காலையில் பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிறார். கேட்டபின் வந்தது அது.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு விஷயம். காட்மியம் கலந்த சிவப்பும் மஞ்சளும் வாயில் போகக் கூடாதவை. பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

எப்ப வேலைய விட்டுட்டு முழுசா வரையலாம்?

எனக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை, அதனால் நான் போட்டிருக்கும் கணக்கை மட்டும் சொல்கிறேன். வீட்டுச் செலவில் என் பங்கு, அதோடு மாத எண். இரண்டையும் கூட்டி, பன்னிரண்டால் பெருக்கி, அந்தத் தொகை வங்கியில் இருக்க வேண்டும். பிஎஃப் பணத்தை இதில் சேர்க்கவில்லை, அதைத் தொடக் கூடாது. இது ஒன்று. தொடர்ந்து இரண்டு வருடம், படமும் வகுப்பும் சேர்ந்து என் சம்பளத்தில் பாதியாவது தந்திருக்க வேண்டும். இது இரண்டாவது. முதலாவது கிட்டத்தட்ட வந்துவிட்டது. இரண்டாவதற்குப் போன வருடம் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது.

நடுவில் ஒரு வழி இருப்பதையும் கேட்டுப் பாருங்கள். வாரம் நாலு நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று என் மேலாளரிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றார்கள். தீபாவளி வேலை முடிந்தபின் மறுபடி கேட்டேன், ஜனவரி முதல் ஜூன் வரை மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் குடங்கள் படம் முடிந்தது.

ஆறு மாசமா ஒண்ணுமே வரையல. இனிமே வருமா?

வரும். மேலே சொன்ன பதினான்கு மாதத்துக்குப் பிறகு நான் பெட்டியைத் திறந்தபோது அக்ரிலிக் டியூப்கள் கல்லாகியிருந்தன. முடி பிரஷ்களைப் பூச்சி அரித்திருந்தது. அழுகைதான் வந்தது. மறுநாள் ஒரு எட்டாம் நம்பர் பிரஷ்ஷும் ஒரு புட்டி கறுப்பு இங்க்கும் மட்டும் வாங்கினேன். பால் புட்டி, சொட்டு மருந்து, காயப்போட்ட துணி என்று கண்ணில் பட்டதை நாளுக்கு ஒரு பக்கம் வரைந்தேன். முதல் பத்தொன்பது பக்கமும் மோசம். கோடு நடுங்கியது, அளவு தப்பியது. இருபதாவது பக்கத்தில், தூங்கும் குழந்தையின் காது. அதை இன்றைக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

புது நோட்டு வாங்காதீர்கள், முதல் பக்கத்தைப் பார்த்தாலே பயம் வரும். பழைய நோட்டை எடுத்து, நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். பத்தொன்பது பக்கம் மோசமாக வரையும்வரை யாரிடமும் காட்ட வேண்டாம். இருபதாவதை எனக்கு அனுப்புங்கள்.